டெல்மரின் பின்பாரம்

மூன்றாவது தடவையும் கொக்கியைக் காலணி நுனியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகுதான் டெல்மர் ஹக்கபி தொப்பியைக் கழற்றுவார். பிக்கப் வண்டிக்கும் அதன் பின்னால் பூட்டிய டிரெய்லர் வீட்டுக்கும் நடுவில் நின்று, கண்ணை மூடி, அன்றைய பயணத்துக்காக ஜெபம் பண்ணுவார். காற்றுக்காகப் பண்ணுவார், பக்கத்தில் உரசிக்கொண்டு போகும் பெரிய லாரிகளுக்காகப் பண்ணுவார், டயர்களுக்காகவும் பண்ணுவார். ஆமென் சொல்லி ஏறி உட்கார்ந்தாலும் உடனே கிளப்ப மாட்டார். பக்கக் கண்ணாடியில் ஒரு சின்ன நீலக் கார் வந்து நிற்கும்வரை காத்திருப்பார். அந்தக் காரில் இருப்பது அவருடைய மனைவி வில்லடீன்.

"புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கு எதுக்குப்பா ரெண்டு வண்டி?" என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "ஊருக்குள்ள கடைக்குப் போக வேணாமா? ஒரு டஜன் முட்டை வாங்க இந்த யானையையா இழுத்துக்கிட்டுப் போறது?" கேட்டவர் சிரிப்பார். டெல்மரும் சிரிப்பார். பிறகு பின்பாக்கெட்டிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து, அழுக்கே இல்லாத கையைத் துடைப்பார்.

ஆர்கன்சாஸ் மலைப்பக்கத்துக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினவர். இப்போதும் வண்டியைக் கிளப்புமுன் உள்கண்ணாடியை அண்ணாந்து ஒரு பார்வை பார்ப்பார். பின்னால் பிள்ளைகள் யாரும் இல்லை, பழக்கம் விடவில்லை. "என் பஸ்ஸில ஏறின பிள்ளைக்கு ஒரு பல்லு ஆடினதில்ல" என்பது அவருடைய ஒரே பெருமை. இந்த ஒரு வருஷமாக அதைச் சொல்வதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் புருஷனும் மனைவியும் சபைக்காரர் கூட்டம் ஒன்றில் சேர்ந்தார்கள். அவரவர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், வசதியில்லாத சின்ன தேவாலயங்களுக்குக் கூரை மாற்றி, வெள்ளையடித்துக் கொடுக்கிற கூட்டம். ஆண்கள் கூரைமேல் ஏறுவார்கள். வில்லடீன் ஒரு பழைய இரும்புத் தையல் மெஷினை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தந்தச் சபையில் புதிதாகப் பிறந்த குழந்தைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைப்பாள். மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்துகொள்வார்கள். இரண்டு நாளில் அந்த ஊர்க்கதை முழுவதும் அவளுக்கு அத்துப்படியாகிவிடும்.

சாயங்காலம் ஆனால் ஆண்கள் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு வண்டிகளைப் பற்றிப் பேசுவார்கள். அப்படி ஒருநாள்தான் பர்ல் ஸ்டக்கி வாயைத் திறந்தார்.

"பிரதர் டெல்மர், உன் வண்டி என்ன நாய் குந்துற மாதிரி குந்திக்கிட்டு நிக்குது? ஹெட்லைட்டைப் போட்டா மரத்து மேல ஆந்தை தேடலாம் போலிருக்கே!"

வட்டமே குலுங்கிச் சிரித்தது. டிரெய்லரின் மூக்கு அழுத்தி, பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது உண்மைதான். அதற்கு உள்ள வழி, அந்தக் கனத்தை வண்டியின் எல்லாச் சக்கரத்துக்கும் பங்கு போடுகிற கம்பிவைத்த கொக்கியை வாங்கி மாட்டுவது. டெல்மரிடம் இருந்தது வெறும் கொக்கியும், டிரெய்லர் பக்கவாட்டில் ஆடாமல் பிடித்து நிறுத்தத் தனியாக ஒரு திருகுக் கம்பியும். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அந்தக் கம்பியைக் கழற்றவேண்டும். பிறகு மறக்காமல் மாட்டவேண்டும்.

மறுநாள் காலை வில்லடீன் துணி துவைக்கப் போயிருந்தாள். டெல்மர் டிரெய்லருக்குள் ஏறினார். முன் அலமாரியில் இருந்த தையல் மெஷின், இரும்புச் சட்டிகள், கருவிப் பெட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, கடைசிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஜெனரேட்டரை வெளியே வாலோரம் தொங்கும் தட்டில் வைத்துக் கட்டினார். இறங்கிப் பார்த்தால், பிக்கப் கோடு போட்டதுபோல நேராக நின்றது.

"இப்பதான் வண்டி வண்டி மாதிரி நிக்குது!" என்றார் பர்ல். டெல்மருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பார வண்டி ஓட்டினவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. முன்பாரம் குறைந்து பின்பாரம் ஏறினால் வண்டி சொன்ன பேச்சுக் கேட்காது. டெல்மருக்கும் அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்தார்.

டெக்சாஸின் வடக்குமூலையில், ஓர் இறக்கத்தில், ஒரு நீள லாரி அவர்களைத் தாண்டிப் போனது. டிரெய்லரின் வால் ஒரு பக்கம் ஒதுங்கியது. பிறகு மறுபக்கம். பிறகு பிக்கப்பையே பிடித்து இழுத்து ஆட்டத் தொடங்கிவிட்டது. ஸ்டியரிங் டெல்மரின் கையில் இருந்ததே தவிர, வண்டி அவர் கையில் இல்லை. வில்லடீன் கத்தவில்லை. முன்பலகையில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, "டெல்மர்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். கடவுள் புண்ணியத்தில் சாலையின் நடுவே இருந்த புல்தரையில் போய் நின்றது. டிரெய்லர் கதவைத் திறந்தால் தரை முழுக்கப் பயறும் உடைந்த பாட்டிலும்.

உதவிக்கு ஓடிவந்தவர்களிடம் டெல்மர் சொன்னார்: "காத்துங்க. பாழாப்போன காத்து."

அது முதல் பொய். இரண்டாவதை அன்று மதியம், பயறு பொறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னார். "உன் மெஷினும் லேசுப்பட்டதில்ல, வில்லா. அத்தனையும் இரும்பு. அந்தக் கனத்தோட போறப்போ…" அதற்குமேல் அவர் சொல்லவில்லை. மீதியை அவளே முடித்துக்கொண்டாள். அந்த வாரமே, கூரை மாற்றப் போன சபைக்கு மெஷினைக் கொடுத்துவிட்டாள். போதகரின் மனைவி அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள். அவள் எடுக்குமுன் டெல்மர்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவர் மறைத்த பூசணிக்காயைக் கையிலேயே தூக்கிக்கொண்டு நடந்தார்.

அதன்பிறகு வில்லடீன் மகளுடைய பழைய நீலக் காரை வாங்கிக்கொண்டாள். "நான் பின்னால வர்றேன். கதவு ஏதாச்சும் திறந்துக்கிட்டா சொல்ல ஒரு ஆள் வேணும்ல" என்றாள். போர்வை தைப்பதை விடவில்லை, கையால் தைக்கிறாள். விரல்நுனியெல்லாம் ஊசி குத்தின தடம். இராத்திரி சாப்பாட்டு ஜெபத்தில் கையோடு கை கோக்கும்போது அந்தச் சொரசொரப்பு டெல்மரின் விரலில் படும். ஆண்டவரிடம் எல்லாவற்றையும் பேசுகிற மனிதர், இதை மட்டும் அவரிடமும் பேசியதில்லை.

சாமான்களை மறுபடி முன்னுக்கு மாற்றியதை யாருக்கும் சொல்லாமல் செய்தார். வண்டி பழையபடி குந்தியது. பர்ல் பழையபடி சிரித்தார். இந்தத் தடவை டெல்மர் பட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வேறொரு யோசனை. இருப்பதிலேயே நல்ல கொக்கியாக வாங்கி மாட்டிவிட்டால், வில்லடீன் பயம் தெளிந்து பக்கத்து இருக்கைக்குத் திரும்பிவிடுவாள். எதையும் வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்காது. போகிற முகாமில் எல்லாம் அடுத்தவர் கொக்கிமுன் குனிந்து நின்றார். ஆளுக்கொரு சத்தியம் செய்தார்கள். "சங்கிலி வச்சதுதான் சாமி, என் மாமனார் காலத்துல இருந்து." "சங்கிலியை ஆத்துல போடு. ரெண்டு பக்கமும் பிடிச்சு இறுக்குறது இருக்கு பாரு, அது பெண்டாட்டி மாதிரி, உன்னை அந்தண்டை இந்தண்டை அசைய விடாது." எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எது ரொம்பப் பெருசு?" என்பார் டெல்மர்.

மேற்கு ஒக்லஹோமாவில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு கடை. கூட்டம் கன்சாஸ் பக்கம் திரும்புமுன் டெல்மர் அங்கே வண்டியை விட்டார். பின்னாலேயே நீலக் காரும் வந்து நின்றது. கடைக்காரி டானெட், தோளகலம் ஆண்பிள்ளைபோல, பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

"அந்தப் பெரிய கொக்கியைக் குடுங்க மேடம். உங்ககிட்ட இருக்கிறதுலயே பலமானது."

"கொஞ்சம் பொறுங்க சார். கல்யாண மாப்பிள்ளையைப் பாக்காம மோதிரம் வாங்க முடியுமா? கொக்கி மேல எவ்வளவு கனம் உக்காருது? புத்தகத்துல போட்டிருக்கிறதைச் சொல்லாதீங்க. தண்ணி ரொப்பி, கேஸ் ரொப்பி, அம்மாவோட சட்டி பானையெல்லாம் ஏத்தின பிறகு எவ்வளவு?"

டெல்மருக்குத் தெரியவில்லை. டானெட் ஒரு எடைக்கருவியைக் கொண்டுவந்து டிரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கினாள். முள்ளைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"முன்பாரம் அம்சமா இருக்கு. இதுக்கு நடுத்தரக் கம்பி போதும். ரொம்பத் தடிச்சதா போட்டா டிரெய்லரோட எலும்பை உலுக்கிடும். மெலிசா போட்டா அது வெறும் நகை. பெருசு எதுக்குக் கேக்குறீங்க? ஆட்டம் கண்டுச்சா?"

"ஒரு தடவை."

"இதே பாரத்தோடயா?" டானெட் டிரெய்லரைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தாள். "இவ்வளவு முன்பாரம் இருந்தா சும்மா ஆடாதே சார். அன்னைக்கு எதெது எங்க இருந்துச்சு?"

"காத்து…" என்று தொடங்கினார்.

"காத்து தள்ளும், அவ்வளவுதான். நீங்க சாமானை மாத்தி வச்சிருந்தாச் சொல்லுங்க, ஒண்ணும் தப்பில்ல. பின்பாரம் ஏத்திட்டு எந்தக் கொக்கியை மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல. நல்லது கெட்டது தெரிஞ்சாத்தானே நான் எடுத்துக் கொடுக்க முடியும்?"

வில்லடீன் பட்டறை வாசலில் நின்றபடி தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி பாதித் துணியில் நின்றது. டெல்மர் சிவப்புத் துணியை எடுத்தார். கையைத் துடைக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டார்.

"நான்தான் எல்லாத்தையும் பின்னால தள்ளி வச்சேன்," என்றார். "மெஷின், சட்டி, கருவிப் பெட்டி, ஜெனரேட்டர். எல்லாம் கடைசியில. நான்தான்."

டானெட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் போய்க் கம்பி எடுத்துட்டு வர்றேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

வில்லடீன் கிட்டே வந்தாள். "மெஷின் முன் அலமாரியிலேயே இருந்திருந்தா?"

"வண்டி கொஞ்சம் குந்தியிருக்கும். ஆடியிருக்காது."

"குந்தினா என்ன?"

டெல்மர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பசங்க சிரிச்சாங்க, வில்லா."

அறுபத்தெட்டு வயது மனிதர். சொல்லி முடித்தபோது அந்தச் சொல் அவர் காதுக்கே எட்டு வயசுப் பிள்ளை சொன்னதுபோலக் கேட்டது. வில்லடீன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். விரலில் மாட்டியிருந்த தையல் உறையைக் கழற்றி, கவுன் பையில் போட்டுக்கொண்டாள்.

டானெட் இரண்டு வகையைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் ஆட்டம் நிறுத்தும் கம்பி தனி. மற்றதில் எல்லாம் சேர்ந்தே இருந்தது. டெல்மர் வாயைத் திறக்குமுன் வில்லடீன் கேட்டாள்:

"பின்னால எடுக்கிறப்போ எதைக் கழட்ட வேண்டாம்?"

"இதை. ஒரு தடவை மாட்டினா மாட்டினதுதான்."

"அதையே போடுங்க. இவர் கழட்டினதை மறுபடி மாட்டினாரான்னு எனக்குத் தெரியாது."

டானெட் தலை நிமிராமல் வேலையைப் பார்த்தாள். முன்சக்கரத்தின் மேல்வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பூட்டுமுன் அளந்தாள். டிரெய்லரை ஏற்றியதும் அளந்தாள். கம்பிகளை இறுக்கிவிட்டு மறுபடி அளந்தாள். தூக்கிக்கொண்டிருந்த முன்பக்கம் மெல்ல இறங்கியது. எதையும் ஒளித்து வைக்காமலே பிக்கப் நேராக நின்றது. அதைப் பார்க்க டெல்மருக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது.

கிளம்பும் நேரம். கொக்கியைக் காலால் மூன்று தடவை தட்டினார். தொப்பியைக் கழற்றினார். கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"ஆமென் சொல்லிட்டியா?" என்று பக்கத்தில் குரல் கேட்டது.

"இன்னும் ஆரம்பிக்கல."

"சாவியக் குடு, டெல்மர்."

அவருக்குப் புரியவில்லை. வில்லடீன் கையை நீட்டியபடியே நின்றாள். மறுகையில் நீலக் காரின் சாவி. "நான் இதை ஓட்டுறேன். நீ பின்னால வந்து பாரு, ஒரு வருஷமா நான் பார்த்ததை."

பிக்கப்பில் ஏறி, கண்ணாடிகளைத் தன் கண்ணுக்குச் சரிசெய்துகொண்டு, அவள் காத்திருந்தாள். டெல்மர் நீலக் காரின் கதவைத் திறந்தார். அவள் குள்ளம், இருக்கை ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் இழுத்துவிடப்பட்டிருந்தது. அந்த நெடிய உடம்பை மடக்கி, மூச்சுப் பிடித்து உள்ளே நுழைத்தார். முழங்கால் இரண்டும் முன்பலகையில் முட்டின. வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளும் பிடி கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. கையை அதன்மேல் கொண்டுபோனார். பிறகு எடுத்துவிட்டு, அப்படியே முட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி, வண்டியைக் கிளப்பினார்.