தம்பியின் பாட்டை நிறுத்தியவள்

இந்த லண்டன் சர்ச்சில் பெண்கள் பக்கம் என்று ஒன்று கிடையாது. வந்து மூன்று வருடமாகியும் வாசலில் கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே போகிறேன். போன ஞாயிறு இரண்டு வயதான ஆண்களுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. ஒருவர் மற்றவரைக் காட்டி, "இவர் என் ஹஸ்பண்ட்" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் "தேங்க் யூ" என்றேன். இருவரும் சிரித்துவிட்டு எழுந்துபோய்ப் பாடகர் குழுவில், குவாயரில், நின்றார்கள். அன்று அவர்களைப் போன்றவர்களை வரவேற்கும் ஆராதனையாம். பிரசங்கம் இல்லை, முழுக்கப் பாட்டுத்தான். போதகரம்மா ஒவ்வொரு ஜோடியையும் பேர்சொல்லிக் கூப்பிட, சபையே கைதட்டியது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை; எழுந்து வாசல் நடைக்கு வந்துவிட்டேன்.

கண்டியில் எங்கள் சபைக் குவாயரில் என் தம்பி செல்வராசாதான் முதல் குரல். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து இறங்கிவந்து பாடுவான். பக்கத்து ஊரான கம்பளையில் தையல்கடைக்காரர் ஒருவரோடு அவனுக்கிருந்த அன்பு ஊர்வாயில் விழுந்தது. சபை மூப்பர் என்னைக் கூப்பிட்டு, "நாங்க சொன்னா நல்லா இருக்காது. இனி பாட வரவேணாம்னு நீயே சொல்லிரும்மா" என்றார். எனக்கு வாய் திறந்து பேசிப் பழக்கமில்லை. அறுப்பின் பண்டிகை அன்று காலை, குவாயருக்கு அவன் போடும் ஒரே வெள்ளைச் சட்டையைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

அவன் வாளியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"வாயால சொல்லியிருக்கலாமேக்கா. தண்ணியில முக்கியா சொல்லணும்?"

சிரிக்கத்தான் பார்த்தான். அன்றே கம்பளைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு எந்தக் கோயிலிலும் அவன் பாடவில்லை.

போன வருடம் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தையல்கடைக்காரர் இறந்துவிட்டார் என்று இரண்டே வரி, கீழே ஒரு போன் நம்பர். புருஷனை இழந்தவளுக்கு எழுதுவது போல எழுதலாமா என்று தெரியாமல் பதில் போடாமலே இருந்துவிட்டேன். எழுதியிருக்கலாம். நான் படித்த ஐந்தாம் வகுப்பு அதற்குப் போதும்.

போன ஞாயிறு அந்தச் சர்ச் நடையில் நின்று அந்த நம்பருக்குப் போன் எடுத்தேன்.

"செல்வராசா, அக்கா பேசுறேன்டா. நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிரு."

"இத கேக்க அவர் இல்லையேக்கா."

உள்ளே குவாயர் அடுத்த பாட்டைத் தொடங்கியது. "அங்க யாரு பாடுறா?" என்றான்.

"ஒங்க ரெண்டு பேரு மாதிரி ஆளுங்கதான்டா. கோயிலுக்குள்ளயே."

"கதவத் தொறந்து வையி."

திறந்து வைத்தேன். ஒரு காதில் குவாயர். மற்றக் காதில் கம்பளை ஸ்டேஷனிலிருந்து ரயில் புறப்படும் சத்தம். தம்பி மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை.