போதும் என்று சொல்லும் இடம்

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் நடக்கத் தொடங்கிவிடுவேன். சமையல் முடியுமுன் சட்டியைத் திறந்து பார்ப்பேன். இப்படிப்பட்ட என் தலையில்தான் நானாவின் பசி வந்து விழுந்தது.

அண்ணனை நாங்கள் நானா என்போம். உள்துறைமுகத்தில் படகு இன்ஜின் திருத்துவது அவருடைய வேலை. ஐம்பத்திரண்டு வயதில் அவருடைய மூளையின் அடியில், பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே, ஒரு கட்டி வளர்ந்திருந்தது. கொழும்பில் எடுத்தார்கள். உயிர் தப்பியது, பார்வையும் தப்பியது. வீட்டுக்கு வந்து மூன்றாம் கிழமை சாப்பிடத் தொடங்கியவர், பிறகு நிறுத்தவில்லை.

முதலில் சந்தோசப்பட்டோம். நோயாளி நன்றாகச் சாப்பிட்டால் யார் கவலைப்படுவார்கள்? அவருடைய மனைவி, என் மதினி, மீனைப் பொரித்துப் பொரித்து வைத்தார். பிறகு பார்த்தால், பகல் சோறு முடிந்து கை காயுமுன் மனிதர் குசினிக்குள் நிற்கிறார். ஒரு றாத்தல் பாண் நின்றபடியே முடிகிறது. முந்தைய நாள் கறிச்சட்டி, துருவி வைத்த தேங்காய்ப்பூ, சீனிப் போத்தல், ஒன்றும் மிஞ்சுவதில்லை. நாலு மாதத்தில் அவருடைய சாரன்கள் இடுப்பைச் சுற்றி வரவில்லை. இரத்தத்தில் சீனியும் ஏறியது.

கிளினிக்கில் மருத்துவர் ஒரு கடதாசியில் மூளையை வரைந்து, அதன் அடியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். ஹைபோதலமஸ் என்றார். வயிறு காலியானால் கிரெலின் என்ற ஹோர்மோன் ‘கொண்டு வா’ என்று அந்த இடத்துக்குச் சொல்லுமாம். உடம்பின் கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் ‘கையிருப்பு இருக்கிறது’ என்று சொல்லுமாம். சாப்பிடச் சாப்பிடக் குடலும் தன் பங்குக்குப் ‘போதும்’ என்று சொல்லி அனுப்புமாம். எல்லாவற்றையும் கேட்டுக் கையை நிறுத்த வைப்பது அந்தப் புள்ளிதான். கட்டியோடு சேர்ந்து அதுவும் பழுதாகிவிட்டது.

“சொல்லுறது எல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கு, தம்பி. கேக்கிறதுக்குத்தான் அங்க ஆளில்ல,” என்றார். “இது பேராசை இல்ல. அவருக்கு உண்மையாவே பசிக்குது. ஆனா இப்பிடியே நிறை கூடினா இதயம் தாங்காது.”

அதற்குமேல் எனக்கு இருக்க முடியவில்லை. திரும்பும் வழியிலேயே கடையில் இறங்கி ஒரு பூட்டு வாங்கினேன்.

“குசினியப் பூட்டுறத்துக்கு அவர் என்ன ஆடா, மாடா?” என்று மதினி கேட்டார்.

“மவுத்தாப் போனா என்ன செய்வீங்க?” என்று நான் கத்தினேன். பூட்டினேன்.

நானா சண்டை பிடிக்கவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். எழும்புவார், கதவைத் தொடுவார், மறுபடி இருப்பார். அதைப் பார்த்து நான் முற்றத்தில் அங்குமிங்கும் நடப்பேன். இரண்டு நாள் கழித்து அவர் வீதியில் இறங்கினார். எங்கள் பக்கத்தில் ஸலாம் சொன்னவுடன் அடுத்த கேள்வி சாப்பிட்டீங்களா என்பதுதான். நானா பொய் சொல்லவில்லை. பசிக்கிறது என்றார். ஒரு வீட்டில் இடியப்பம் வந்தது, அடுத்த வீட்டில் புட்டு வந்தது.

அப்பக்கடைக்காரர் என்னை மறித்துக் கேட்டார்: “தம்பி, நானாக்கு ஊட்டுல சோறு குடுக்கிறல்லயா?”

எங்கள் ஊர் வீதிகளில் மாடுகளைப் போல மான்களும் திரியும்; நான் போட்ட சத்தத்தில் ஓரமாகக் குப்பை கிளறிக்கொண்டு நின்ற மான்கள் விலகிப் போயின. அப்பச்சட்டிக்கு முன்னால் நின்று மூளை, குடல், ஹோர்மோன் எல்லாம் விளக்கினேன். மனிதர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, இரண்டு முட்டை அப்பத்தைச் சுற்றி என் கையில் தந்தார். “எதுக்கும் இதக் கொண்டு போய்க் குடுங்க.”

அந்த மாதம் கிண்ணியாவில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் வந்தது. சஹன் சாப்பாடு. ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஐந்து பேர் இருந்து, அவரவர் பக்கத்துச் சோற்றைச் சாப்பிட்டு, ஒன்றாக எழும்ப வேண்டும். போக வேண்டாம் என்று மன்றாடினேன். நானா கேட்கவில்லை. என் சோற்றை விட்டுவிட்டு அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். நானாவும் எடுத்தார். தட்டில் இறைச்சி மிச்சம் கிடந்தது.

வழியைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து வரும் சொல் கேட்காவிட்டால், அடுத்தவன் கையைப் பார்த்துக் கேட்கட்டும். அடுத்த நாளே ஒரு சஹன் தட்டு வாங்கினேன், பூட்டைக் கழற்றினேன். மூன்று வேளையும் அவரோடு நான். மதினி அளந்து போடுவார். பகலில் கந்தோர் வேலையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்து வருவேன். “எப்ப வருவ?” என்று அதற்குள் நானாவிடமிருந்து பத்துத் தடவை ஃபோன் வரும். நான் கையை எடுத்தால் நானாவும் எடுப்பார். நான் இல்லாமல் குசினிப் பக்கம் போகவே மாட்டார். இரண்டு மாதமாக நிறை ஏறவில்லை. கண்டவர்களிடமெல்லாம் என் கெட்டித்தனத்தைச் சொல்லித் திரிந்தேன். மருத்துவரிடமும் சொன்னேன். “காரணம் எனக்குத் தெரியாது. விடாம செய்யுங்க,” என்றார்.

போன கிழமை எனக்குக் காய்ச்சல். வாய் கசந்தது. மூன்று பிடிக்கு மேல் சோறு இறங்கவில்லை. நான் கையை எடுத்தால் நானாவும் பாதியில் எழும்ப வேண்டிவருமே என்று, சோற்றைப் பிசைந்து பிசைந்து வெறும் விரல்களை வாய்க்குக் கொண்டு போனேன்.

நானா என் வெறும் விரல்களைப் பார்த்தார். தன் கையைத் தட்டிலிருந்து எடுத்தார்.

“உனக்கு ஏலாது. எழும்பு.”

“நீங்க சாப்பிடுங்க நானா. உங்களுக்கு இன்னும் நிறையல்ல.”

“எனக்கு எப்ப நிறைஞ்சது?”

எனக்கு விளங்கவில்லை. “அப்ப இவ்வளவு நாளும்?”

“நீ வேலய விட்டுட்டு ஓடி வாற. நீ கைய எடுத்தா நானும் எடுக்கத்தானே வேணும்.”

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. மெல்லக் கேட்டேன்: “பசியோட எழும்பிப் பழகிட்டுதா?”

“இல்ல. அது பழகாது.”

செம்பை எடுத்து என் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றும்போது அவருடைய கண் சோற்றிலேயே இருந்தது.