வேத்பாதக் கடையின் வளையக் கொத்து

அனசூயா வேத்பாதக்குக்குக் கணவன் இறந்தபோது விட்டுப்போனது நகைக்கடையில் பாதியும் ஒரு பித்தளை வளையக் கொத்தும். கடையின் மறுபாதி கொழுந்தன் திகம்பருடையது. சாத்தாரா பக்கத்துச் சிற்றூர் அது. கொத்தில் முப்பது வளையங்கள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்து, ஒரே கம்பியில் கோத்தவை. மாமனாரின் தாத்தா வார்த்தது. மோதிரம் செய்ய வருகிறவர் விரலில் ஒவ்வொன்றாக மாட்டுவார்கள். மூட்டைத் தாண்டி எது சுகமாக வருகிறதோ அதுதான் அளவு.

தீண்டத்தகாதவர்கள் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மகார்களுக்கு அந்தக் கொத்து கிடையாது. அவர்கள் விரலைச் சுற்றிப் பருத்தி நூலை முடிச்சுப் போட்டு, உருவிக் கடைப்படியில் வைக்க வேண்டும். அதைத் தீட்டுக் கழியக் கோமியம் கலந்த தண்ணீரில் முக்கி, உலர்த்தி, அப்புறம்தான் எண் பொறித்த கூம்புக் கோலில் மாட்டி அளவெடுப்பார்கள். மகார்களின் மோதிரம் மட்டும் எப்போதும் இறுகியது. "அவங்க மூட்டு அப்படி" என்றார் மாமனார். கணவனும் அதையே சொன்னான். இருபது வருடம் பட்டறையில் பற்றவைத்துத் தேய்த்த அனசூயாவும் அதைத்தான் நம்பினாள்.

அந்த ஆவணியில் ஆஸ்பத்திரி ஆயா ஹௌசாபாய் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து படிக்குக் கீழே நின்றாள். மாப்பிள்ளை பீவா சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றான்.

"மோதிரம் மூட்டைத் தாண்டலம்மா. நாளைக்குப் பந்தல்ல எம் பொண்ணு இதைப் போட்டுவிடணும். மொத்தச் சனமும் பார்க்கும்."

"சோளக்களி தின்னு தின்னு விரல் ஊதியிருக்கும்" என்று திகம்பர் சிரித்தான். "எண்ணெய் தடவித் தள்ளச் சொல்லு."

"தள்ளிப் பார்த்தோம், சேட். தோலுதான் உரிஞ்சுது." அவள் படியில் ஒரு புது நூலை வைத்தாள். "இப்பத்தான் அதே விரல்ல கட்டினது. நீங்களே பாருங்க."

மழை பிடித்திருந்தது, நூல் உலரப் பொழுதில்லை. அனசூயா அதை அப்படியே எடுத்துக் கோலில் மாட்டினாள்.

"முக்காமலே தொட்டுட்டீங்களே அண்ணி!"

அவள் காதில் விழவில்லை. நூல் பத்தொன்பதில் நின்றது. ஓலைப்பெட்டியில் கிடந்த பீவாவின் பழைய நூலை மாட்டினாள். பதினாறு. ஒரே விரல், ஒரே முறுக்கு நூல். புது நூலைக் கழற்றிச் செப்புப் பாத்திரத்தில் முக்கி, கரியடுப்பு அனலில் காட்டிக் காயவைத்தாள். மறுபடி மாட்டினாள். பதினாறு.

விரல் ஊதவில்லை, நூல்தான் நனைந்து சுருங்கியிருந்தது. நான்கு தலைமுறையாக எத்தனை விரல்கள்! ஒவ்வொரு முறையும் மோதிரத்தை வெட்டி அகலப்படுத்தக் கூலியும் வாங்கியிருந்தார்கள். எலும்பு சாதி பார்த்து வளருமா என்று இந்த வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"ஹௌசாபாய், மாப்பிள்ளையை மேல வரச்சொல்லு."

"இங்கயே நிக்கட்டும்மா, எதுக்கு வம்பு?"

"நூலை நம்பி ஒருதரம் கெட்டது போதும். பீவா, வாப்பா. கையை நீட்டு."

அவன் படியேறினான். உரிந்த விரலில் நோகாமல் அவளே வளையங்களை மாட்டினாள். பதினெட்டு இறுகியது. பத்தொன்பது மூட்டைத் தாண்டி இறங்கியது.

"அப்பாவோட தாத்தா கொத்து!" திகம்பர் துள்ளி எழுந்தான். "இனிமே எவன் இதுல விரலை விடுவான்?"

"விடாதவன் வேற கடைக்குப் போகட்டும். மாமா பேச்சைக் கேட்டு இத்தனை நாள் தப்பா செஞ்சோம், திகம்பர். தப்புன்னு தெரிஞ்சப்புறமும் செய்யணுமா?"

அவன் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். அவள் மோதிரத்தை அறுத்து, நெல் அகலத்துக்குத் தங்கத் துண்டு வைத்துப் பற்றவைத்தாள். கூலி வாங்கவில்லை. பீவா மாட்டிப் பார்த்தான். மோதிரம் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. ஹௌசாபாய் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு நீங்களும் வாங்கம்மா."

"வரேன். எனக்கு ஒரு இலை போட்டு வை."

அடுத்த வாரம் பிராமணத் தெருக் குல்கர்ணி வீட்டம்மாள் மோதிரம் செய்ய வந்தாள். கொத்தைக் கண்டதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். விஷயம் அவள் தெரு வரை போயிருந்தது.

அனசூயா கோபப்படவில்லை. பெட்டியிலிருந்து ஒரு முழம் பருத்தி நூலை எடுத்து நீட்டினாள்.

"அப்ப இதைக் கட்டிக் குடுத்துடுங்கக்கா. பயப்படாதீங்க, நான் முக்க மாட்டேன்."