காலை வகுப்பைத் தவறவிட்டவள்

எதையும் நிதானமாகச் செய்கிறவள் என்பதால் தங்கை அவளுக்கு வைத்த பெயர் மின்னல். சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர்கள் கை கழுவி, தட்டைக் கழுவி, ஒரு சண்டையும் போட்டு முடித்த பிறகும் அவள் பாதித் தட்டில்தான் இருப்பாள். பெயர் வைத்த தங்கைக்கும் ஒரு பெயர் உண்டு. பல் தேய்க்கச் சொன்னால்கூட எதற்காகத் தேய்க்க வேண்டும் என்று நியாயம் கேட்பாள். அதனால் அவள் வக்கீல்.

அப்பாவுக்குப் பேக்கரியில் அடுப்பு வேலை. ஊர் கண் விழிக்கும்போது ரொட்டி தயாராக இருக்க வேண்டும், எனவே இருட்டோடு கிளம்பிப் போய் மதியம்தான் திரும்புவார். அம்மா பெண்களுக்கு முடி வெட்டுகிறவள். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு சுழல் நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, சுவரோரம் ஒரு பெஞ்சு. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் பாதி என்றால் அம்மாவின் பேச்சைக் கேட்க வருகிறவர்கள் மீதி. வெட்டி முடித்து, துணியை உதறி, கண்ணாடியில் பின்தலையைக் காட்டிய பிறகும் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அம்மாவின் கையிலிருந்து கத்தரி நழுவியது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே சரிந்தாள். நாற்காலியில் இருந்த எதிர்வீட்டு அக்கா, ஒரு பக்கம் முடி காதளவும் மறுபக்கம் தோளளவுமாக, கழுத்தில் கட்டிய துணியோடு தெருவுக்கு ஓடி ஒரு காரை மறித்தாள். அந்தக் கோலத்திலேயே ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்திருந்தாள். போகிற வருகிற எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

மூளையில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலது கையும் காலும் படுத்துவிட்டன. பேச்சும் போயிற்று. எஞ்சி நின்றது ஒரே ஒரு சொல்: கத்தரி. தண்ணீர் வேண்டுமென்றாலும் கத்தரி, தலையணையைச் சரி செய்யச் சொன்னாலும் கத்தரி, அப்பாவைத் திட்டுவதென்றாலும் கத்தரிதான். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து இது பசி, இது கோபம், இது சும்மா கூப்பிடுவது என்று பிள்ளைகள் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

துணைக்கு வந்த சித்தி தன்னால் முடிந்த மட்டும் இருந்தாள். அவளுக்கும் குழந்தை குட்டி உண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். பேக்கரியில் அப்பாவின் வேலை நேரத்தை மாற்ற வழியில்லை. வக்கீல் சின்னப் பெண். ஆக, காலை நேரம் மின்னலின் தலையில் விழுந்தது. அம்மாவை எழுப்பி, துடைத்து, உடை மாற்றி, ஊட்டி, கை கால்களை நீட்டி மடக்கி, அப்பா வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓட வேண்டும். ஓட்டம் என்பது அவளுக்கு அதுவரை பழக்கமில்லாத ஒன்று.

அவள் பள்ளியில் ஒரு வழக்கம். காலையில்தான் மூளை சுறுசுறுப்பாக இருக்குமாம், அதனால் கணக்கும் இயற்பியலும் எப்போதும் காலையில். மொழி, வரலாறு, ஓவியம் எல்லாம் மதியம். இப்படியே பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களும் ஓடின. மதிய ஆசிரியர்களுக்கு அவள் செல்லப்பிள்ளை. கணக்கு ஆசிரியரோ பரீட்சை அன்று அவளைப் பார்த்துவிட்டு, "நீ புதுசா சேர்ந்திருக்கியாம்மா?" என்று அன்பாக விசாரித்தார்.

வீட்டில் இன்னொரு தொல்லை இருந்தது. குளியலறை பின்பக்கம், ஒரு படி இறங்கிப் போக வேண்டும். கதவு குறுகல். சக்கர நாற்காலி அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும், அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். முதலில் கதவையே கழற்றித் திரை போட்டார்கள். பிறகு படியை மூடி ஒரு சரிவு கட்டலாம் என்று மின்னல்தான் சொன்னாள். மைதா மூட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டாள். அப்பா சிமென்ட் குழைத்தார்.

முதல் சரிவு செங்குத்தாக அமைந்துவிட்டது. சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று அப்பாவே நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவரைக் கொண்டுபோய்த் தண்ணீர் வாளிக்குள் தள்ளியது. வாளியோடு அவர் எழ முடியாமல் கிடந்ததைப் பார்த்து அம்மா சிரித்தாள். நோயில் விழுந்த பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. சிரிக்கவும் ஒரு பக்க வாய்தான் வளைந்தது. அது போதும் என்றிருந்தது மூவருக்கும்.

இரண்டாவது சரிவை நீளமாகக் கட்டினார்கள். நாற்காலி பூப்போல இறங்கியது. அதற்குப் பிறகு மின்னலின் கண்ணே மாறிவிட்டது. தபால் நிலையத்துக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் அவளுக்குப் படிகள்தான் தெரிந்தன. இங்கே அம்மா எப்படி ஏறுவாள்? இந்தக் கதவுக்குள் எப்படி நுழைவாள்? கட்டடம் கட்டுகிறவர்கள் யார், அவர்கள் எங்கே படிக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

நகரத்தில் கட்டடக்கலைக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. பேர் பெற்ற கல்லூரி. ஆயிரக்கணக்கில் விண்ணப்பிப்பார்கள், ஒரு வகுப்பறை கொள்ளுகிற அளவுதான் எடுப்பார்கள். பள்ளி இறுதித் தேர்வில் மின்னலுக்கு மற்றவற்றில் நல்ல மதிப்பெண், கணக்கிலும் இயற்பியலிலும் தட்டுத் தடுமாறித் தேறியிருந்தாள். சான்றிதழ் வாங்கப் போனபோது பள்ளி அலுவலகத்து கிளார்க் கேட்டார்: "எங்கே சேரப் போறே?"

சொன்னாள்.

"அங்கேயா? இந்த மார்க்கை வெச்சுக்கிட்டா? அந்தக் காலேஜ் வாட்ச்மேனே இதைவிட ஜாஸ்தி வாங்கியிருப்பாரும்மா!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மின்னலும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை எடுத்து உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும் பூர்த்தி செய்துவிட்டாள். ஒரே ஒரு கேள்வியில் பேனா நின்றது. மதிப்பெண் குறைவாக இருந்தால் காரணத்தை எழுதவும்.

"இதென்ன கேள்வி? இருக்கறதை எழுது" என்றார் அப்பா.

"'கண்ணீருடன் எழுதுகிறேன்'னு ஆரம்பி. அங்கேயே பாதி கேஸ் ஜெயிச்சாச்சு" என்றாள் வக்கீல்.

"கண்ணீரோட எழுதினா பேப்பர் நனைஞ்சுடும், போடி." மின்னல் பேனாவை மூடினாள். "அம்மாவைப் பத்தி நான் எழுத மாட்டேன்பா. அவங்களைக் காட்டி சீட்டு கேக்கச் சொல்றீங்களா? எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"யாரும்மா காட்டச் சொன்னது? நடந்ததைத்தானே..."

"எழுத மாட்டேன்னா மாட்டேன்."

அதற்குள் அம்மா ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தாள். சொற்களும் ஒன்றொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. பக்கத்து அறையிலிருந்து கோல் தரையில் தட்டுகிற சத்தம் மெல்ல மெல்ல நெருங்கி வந்து வாசலில் நின்றது. அம்மா மகளைப் பார்த்தாள். வாய் திறந்து மூடியது. சொல் வரும்வரை யாரும் குறுக்கே பேசுவதில்லை என்பது அந்த வீட்டின் சட்டம்.

"என்னைச் சொல்ல..." என்றாள் அம்மா. மறுபடி தேடினாள். "வெக்கமா?"

மின்னலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவை யார் முன்னாலும் பரிதாபப் பொருளாக நிறுத்தக் கூடாது என்று அவள் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் அம்மாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படித் தெரிந்திருக்கிறது. எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, இல்லம்மா. அப்படி இல்லவே இல்லம்மா." அம்மா இடது கையால் அவள் முதுகைத் தட்டினாள். பிறகு மேஜையைக் காட்டினாள்.

"எழுது."

மின்னல் எழுதினாள். கண்ணீரும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அம்மா விழுந்தது, காலையில் தான் வீட்டில் இருந்தது, இப்போது அம்மா நடப்பது. கடைசியில் வாளியைப் பற்றியும் எழுதிவிட்டாள். அப்பாவுக்கு மட்டும் அதில் கொஞ்சம் வருத்தம்.

சேர்க்கைக்காகக் கல்லூரி வைத்த வரைபடத் தேர்வு நன்றாகவே போயிற்று. நேர்காணலுக்கும் கூப்பிட்டார்கள். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியைக்குத் தலைமுடி மிகக் குட்டை. அம்மா கூட வந்திருந்தால் யார் வெட்டியது என்று கேட்டிருப்பாள் என்று தோன்றியது. அந்த நினைப்பே கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

"வரைபடத்துல நல்லா பண்ணியிருக்கே. கணக்குல மட்டும் ஏன் இப்படி?"

"கணக்கு காலைல மேடம். காலைல நான் வீட்ல இருந்தேன்."

பேராசிரியை விண்ணப்பத்தைப் புரட்டினார். "படிச்சேன். உன் கஷ்டம் எங்களுக்குப் புரியுது. ஆனா தூணுக்குப் புரியாதும்மா. கணக்கு தப்பினா அது நிக்காது. கூடப் படிக்கிற எல்லாரும் ஓடிக்கிட்டிருப்பாங்க. நீ என்ன பண்ணுவே?"

இதற்கு ஒரு பதிலை வக்கீல் முன்கூட்டியே தயார் செய்து கொடுத்திருந்தாள். அது அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.

"எனக்கு எதுவும் மெதுவாத்தான் வரும் மேடம்" என்றாள் மின்னல். "ஆனா வரும். இப்ப அம்மா தானே எழுந்து குளிக்கறாங்க. காலை நேரம் எனக்குத் திரும்பக் கிடைச்சிருக்கு. அதுல கணக்கு படிச்சுக்கறேன்."

பேராசிரியை விண்ணப்பத்தில் எதையோ குறித்துக்கொண்டார். சரி, போகலாம் என்றார்கள்.

சில வாரங்கள் கழித்துக் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. இந்த வருடம் இடமில்லை. கணக்குத் தேர்வை மறுபடி எழுதி நல்ல மதிப்பெண்ணோடு வந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம், வரைபடத் தேர்வு திரும்ப எழுத வேண்டியதில்லை என்றார்கள். மின்னல் நன்றி சொல்லி வைத்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். திரைக்குக் கதவைப் போலச் சத்தத்தை மறைக்கத் தெரியாது. எல்லோருக்கும் கேட்டது.

"இல்லைன்னா சொன்னாங்க? இப்போ இல்லைன்னுதானே சொன்னாங்க" என்றார் அப்பா வெளியே நின்று.

"சட்டப்படி ரெண்டும் வேற வேற" என்றாள் வக்கீல்.

மறுநாள் காலை மின்னல் முன்னறையில் புத்தகத்தைப் பிரித்தாள். அதே நேரம் அம்மாவுக்கும் ஒரு வீட்டுப்பாடம் இருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், தினமும் எதையாவது சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லியிருந்தாள். செய்தித்தாள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. மகளின் கணக்குப் புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒரு... தொட்டி. அதன்... நீளம்..." நெற்றி வியர்க்கும். அகலத்துக்கு வருவதற்குள் டீ ஆறிவிடும். பாதியில் நிறுத்தி, "இது... என்ன பாஷை?" என்று கேட்பாள். வாசித்ததில் ஒன்றும் அவளுக்குப் புரியாது. ஆனால் அவள் ஒரு சொல்லைத் தேடி எடுத்து அடுத்த சொல்லுக்குப் போகிற இடைவெளியில் மின்னலுக்கு அந்தத் தொட்டி கண்முன் எழுந்து நிற்கும், நீளம் அதில் போய் உட்காரும், தண்ணீர் நிரம்பும். பள்ளியில் கணக்கு என்பது பஸ் மாதிரி, அவள் நிறுத்தத்துக்கு வருமுன் போய்விடும். இப்போது அது அவளுக்காக நின்றது. தப்பாகப் போட்டுவிட்டு "சே!" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அம்மாவும் அப்படியே "சே!" என்பாள். அந்தச் சொல் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது.

மாலையில் டியூஷன். அங்கே எல்லோரும் அவளைவிடச் சின்னவர்கள், அக்கா அக்கா என்று கடைசி பெஞ்சில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். சில நாள் இது நமக்கு ஆகாது என்று புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவோடு சும்மா உட்கார்ந்திருந்ததும் உண்டு. அம்மா ஏன் என்று கேட்க மாட்டாள். மறுநாள் விட்ட பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவாள்.

தேர்வு முடிவு வந்தது. ஊர் மெச்சுகிற மதிப்பெண் இல்லை. ஆனால் யாரும் சிரிக்க முடியாத மதிப்பெண். கல்லூரி அவளை எடுத்துக்கொண்டது. சேதி கேட்டு அப்பா பேக்கரியிலிருந்து அடுப்புக் கையுறையைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

சேருகிற அன்று குடும்பமே கிளம்பியது. அலுவலகத்துக்குப் போகப் படிகள் ஏற வேண்டும். கைப்பிடி வலப்பக்கம் மட்டும். அம்மாவுக்கு வலது கை உதவாது. அப்பா தூக்கிக்கொள்ளலாமா என்று பார்த்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கோலை வக்கீலிடம் கொடுத்துவிட்டு, கல்லூரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். இப்போது கைப்பிடி இடது கைக்கு வந்துவிட்டது. பின்பக்கமாக ஒரு படி ஏறினாள். நின்றாள். அடுத்த படி. மின்னல் எந்த நேரமும் தாங்கிப் பிடிக்கத் தயாராக ஒட்டிக்கொண்டே ஏறினாள்.

கீழே கூட்டம் சேர்ந்தது. "என்னாச்சு? ஏன் இவ்ளோ லேட்?" என்றான் ஒருவன்.

"கைப்பிடி ஒரு பக்கம்தான் வெச்சிருக்காங்க. கேஸ் போட்டா நிக்கும்" என்றாள் வக்கீல். அவன் கைப்பிடியைத் திரும்பிப் பார்த்தான்.

தெருவையும் கூட்டத்தையும் புருஷனையும் பார்த்தபடியே அம்மா மேலே போய்ச் சேர்ந்தாள். மூச்சு வாங்கியது. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, "போ. நான்... இங்கே" என்றாள்.

மின்னல் உள்ளே வரிசையில் நின்றாள். வரிசை நகர்ந்தபோது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில், புதிதாகச் சேர வந்த யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல், நீண்ட இடைவெளி, இன்னொரு சொல். அந்தப் பெண் எழுந்து போகாமல், தலையைச் சாய்த்து, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள்.