தொட்டிகள் செத்த ஆலையில் ஒரு கிரேன்காரி

நாட்டில் இருந்தது ஒரே ஒரு அலுமினிய ஆலை. அதன் தொட்டிக் கூடத்தில், தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டிய ஒரே பெண் அவள். கீழே வேலை செய்தவர்கள் அவளுக்கு வைத்த பேர் மாடிவீட்டுக்காரி.

"மாடிவீட்டுக்காரி இன்னும் எறங்கலையா? சாப்பாடு ஆறிடப் போகுது."

"வாடகை குடுக்காம கீழ்வீட்டுல குடியிருக்கறவங்க வாயத் தொறக்கக் கூடாது" என்று மேலேயிருந்தே பதில் விழும்.

கூடத்தில் நூற்றிருபது தொட்டிகள். வெள்ளைத் தூளைக் கொட்டி, இரவு பகலாக மின்சாரத்தைப் பாய்ச்சினால், கொதிக்கும் குழம்புக்கு அடியில் அலுமினியம் சேரும். அதை உறிஞ்சி எடுக்கும் பெரிய இரும்புக் கலத்தை எல்லோரும் அண்டா என்றார்கள். அண்டாவைத் தூக்கி நகர்த்துவது அவள் வேலை. கீழே நின்று கை காட்டுவது அவளுடைய கூடப்பிறந்த தம்பி. புகையில் தொண்டை எரியும், கண் கரிக்கும். இருந்தாலும் பதினாறு வருடத்தில் ஒரு சொட்டு உலோகம் தவறிக் கீழே விழுந்ததில்லை.

மேலாளர் கூடத்துக்குள் வந்தால் மூக்கை மூடிக்கொண்டுதான் வருவார். அதனால் அவருக்குக் கைக்குட்டை என்று பட்டப்பெயர். ஆலை நொடித்துக்கொண்டிருந்த காலம் அது. உதிரி பாகம் கேட்டால் வராது, ஓட்டைக் கூரையைக் காட்டினால் "பார்க்கலாம்" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மின்சாரம் நின்றது. கிரேனும் நின்றுவிட்டது. அவள் ஏணி வழியாக இறங்கி, நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், கரண்ட் எப்ப வரும்?"

"வரும்மா, வரும்."

"நாலு மணி நேரத்துல வரலைன்னா தொட்டிக்குள்ள எல்லாம் கல்லாயிடும் சார். அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"எனக்குத் தெரியாததா? நீ போய் டீ குடி."

அவர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. மதியம் இரண்டு மணிக்குள் தொட்டிகளின் சிவப்பு மங்கிச் சாம்பலாயிற்று. வருடக்கணக்காகக் காதில் கேட்டுக்கொண்டிருந்த உறுமல் அடங்கியபோது, கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம்கூடக் கேட்டது. நூற்றிருபது தொட்டிகளும் செத்தன. நிபுணர்கள் வந்து, பழுதுபார்க்க இயலாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆலையை இழுத்து மூடினார்கள்.

கூடத்தையும் கிரேனையும் விட்டுவிட்டு, தொட்டிகளைக் கழிவு இரும்பாக விலைக்கு எடுத்தவர் மேலாளரின் மச்சினர். உறைந்த உலோகத்தை உடைத்தெடுக்க ஆள் வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் தம்பி அந்த வேலைக்குப் போனான். தான் பார்த்துப் பார்த்து வளர்த்த தொட்டிகளைத் தானே துளைபோட்டு உடைத்தான். ஒருநாள் அலுவலக அறைகளைக் காலி செய்யும்போது கிடைத்த ஒரு காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து அக்காவிடம் கொண்டுவந்தான்.

"படிச்சுப் பாரு. கரண்ட்டை நிறுத்தப்போறோம்னு மூணு நாளைக்கு முன்னாடியே மின்வாரியம் எழுதியிருக்கு. வாங்கிக்கிட்டதுக்கு அவன் கையெழுத்து இருக்கு."

அவள் இரண்டு தடவை படித்தாள். மூன்று நாள் இருந்திருந்தால் தொட்டிகளைக் காலி செய்து காப்பாற்றியிருக்கலாம். உறைய வேண்டும் என்றே ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான். அவள் காகிதத்தை மடித்து வைத்தாள். எழுந்துபோய்க் கழுவுத்தொட்டியில் குனிந்து நின்றாள். வெறும் புளிப்பு நீர்தான் வந்தது.

காகிதத்தைத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தார்கள். அங்கிருந்த அதிகாரி அதை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அத்தோடு சரி.

அப்புறம் ஒன்பது வருடம் அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ரத்தமும் சீழும் படிந்த விரிப்புகளை அள்ளி இயந்திரத்தில் போடுவாள். அவற்றைத் தொடும்போது வராத அருவருப்பு, ஒருநாள் செய்தித்தாளைப் பிரித்தபோது வந்தது. இத்தனை காலம் வெளிநாட்டிலிருந்து வாங்கியது போதும், ஆலையைத் திரும்பத் திறக்கப்போகிறோம் என்று அரசு அறிவித்திருந்தது. பக்கத்தில் தலைமை ஆலோசகரின் படம். கைக்குட்டைதான். கொஞ்சம் சதைபோட்டு, சிரித்துக்கொண்டு.

"கொன்னவனே வைத்தியம் பார்க்க வந்துட்டான் பாருங்க" என்று கணவனிடம் காட்டினாள்.

பஸ் கண்டக்டரான அவர் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "கூப்பிட்டா நீ போகணும்னு ஒண்ணும் இல்ல."

"போவேன். கிரேன் என்ன பாவம் பண்ணுச்சு?"

கூப்பிட்டார்கள், போனாள். தம்பியும் வந்தான். முதலில் முப்பது தொட்டிகளைப் புதிதாகக் கட்டிச் சூடேற்றினார்கள். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வரும் தேதி முன்பே குறித்தாகிவிட்டது. தொட்டிகளோ அதற்குள் தயாராகவில்லை.

விழா அன்று காலை அவள் ஏணியில் கால் வைக்கப்போகும்போது தம்பி ஓடிவந்தான்.

"அக்கா, அண்டாவுக்குள்ள இருக்கறது நம்ம உலோகம் இல்ல. வெளிநாட்டுக் கட்டியை வார்ப்புக் கூடத்துல உருக்கி ஊத்தி வெச்சிருக்காங்க. அமைச்சர் முன்னாடி தொட்டியிலேர்ந்து எடுத்த மாதிரி நீ தூக்கிக் காட்டணுமாம்."

"நெசமாவா?"

"கட்டியில இருந்த முத்திரையை நானே பார்த்தேன்."

ஏணியடியில் கிரேனின் பிரதான மின் சுவிட்ச் இருந்தது. பழுது பார்க்க ஏறுகிறவர்கள் அதை அணைத்துத் தங்கள் பூட்டைப் போடுவார்கள். பூட்டியவரைத் தவிர வேறு யாரும் திறக்கக்கூடாது என்பது விதி. அவள் சுவிட்சை அணைத்தாள், பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆலோசகர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். "என்னம்மா இது, நாடே பார்த்துக்கிட்டிருக்கு."

"அதனாலதான் சார்."

"சாவியைக் குடு."

"தொட்டியிலேர்ந்து ஒரு கரண்டி வரட்டும், ஏறித் தூக்கறேன். இதைத் தூக்க மாட்டேன். உங்க கூட இன்னொரு தடவை சேர்ந்து நாற என்னால முடியாது."

வாசலில் கார்கள் வந்துவிட்டன. அவர் போய்விட்டார். அமைச்சர் மூடிபோட்ட அண்டாவின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் பத்திரிகையில் அதற்குக் கீழே "மண்ணின் முதல் உலோகம்" என்று போட்டிருந்தது. அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அவளுக்குக் கிடைத்தது எச்சரிக்கைக் கடிதம். வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்தக் கிரேனை ஓட்டத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

மூன்று வாரம் கழித்து நான்காம் தொட்டி உண்மையிலேயே உலோகம் கொடுத்தது. யாரும் பார்க்க வரவில்லை. தம்பி கீழே நின்று கை காட்டினான். அண்டாவை அவள் மெதுவாகத் தூக்கினாள். பாரம் ஏறியதும் கம்பி இறுகியது, கூண்டு லேசாக நடுங்கியது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. வேலை ஒழுங்காக நடந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் மீதித் தொட்டிகளும் வேலை செய்யத் தொடங்கின. ஆலோசகர் ஆலைத் தலைவரானார். ஓய்வு பெறும்வரை பதினொரு வருடம் அவள் அந்தக் கூண்டில் உட்கார்ந்தாள். அவர் எதிரே வந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒரு நாள்கூட வணக்கம் சொல்லவில்லை.