குனிந்து வணங்கும் சூப்பர்வைசர்

அப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் பல்கலைக்கழகம் போகும்போது, கும்மிடிப்பூண்டி ரயிலில் அவரும் வருவார். என் வகுப்புத் தோழர், தொழிற்சாலை சூப்பர்வைசர். நீலச் சட்டை, கனத்த பூட்ஸ், காதோரம் நரை. யாரைப் பார்த்தாலும் ஜப்பானியர்போல இடுப்பை வளைத்துக் குனிவார். சுண்டல்காரரும் பதிலுக்குக் குனியப் பழகிவிட்டார்.

“கம்பெனியில ஜப்பான் மேனேஜர்கிட்ட பேசிப் பாக்கறீங்களா சார்?” என்றேன்.

“எங்கேம்மா பேசறது! அவரு தமிழ் கத்துக்கினு இருக்காரு. நான் ஜப்பான் பாஷையில கேட்டா, அவரு தமிழ்லதான் பதில் சொல்றாரு. ரெண்டு பேருமே விட்டுக்குடுக்கறதில்ல. மொழிபெயர்க்க வந்த மேடம், நடுவுல சும்மா ஒக்காந்துகினு பேஜாராவுறாங்க!”

இப்போது நானே ஒரு கம்பெனியில் அப்படியொரு மேடம். எதிரே அவரும் அந்த ஜப்பான் மேனேஜரும் உட்கார்ந்து பேச, எனக்கு வேலையே இல்லாத ஒரு நாள் வாய்க்காதா என்றிருக்கிறது.