பொம்மை லயத்துக்கு வந்த சன்னல்

இந்த நாட்டில் தினமும் காலையில் ஒரு வெள்ளைக்காரர் என் காலடியில் மண்டி போடுகிறார். சிலோனில் இருக்கும் டிக்கோயாப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இதை வாசித்துவிட்டு, பையன் பெரிய ஆளாகிவிட்டான் என்று கோயிலில் தேங்காய் உடைத்துவிட வேண்டாம். அவர் தேடுவது என் பாதங்களை அல்ல. மேசையிலிருந்து நான் தட்டிவிட்ட பிளாஸ்டிக் செங்கல்லை. அவர் பெயர் மிஸ்டர் பென்னட், என் முதலாளி. லண்டனுக்கு வெளியே, ஒரு பேக்கரிக்குப் பின்புறம் இருக்கிறது எங்கள் பட்டறை. ஒன்றன் தலையில் ஒன்று டக்கென்று உட்காரும் சின்னச் சின்னச் செங்கல்களை வைத்து நாங்கள் பொம்மைக் கட்டடங்கள் வடிவமைக்கிறோம். குழந்தைகளுக்கு அல்ல, கம்பெனிகளுக்கு. பொருட்காட்சியில் ஸ்டால் போடுகிற கம்பெனி, வருகிறவர்களுக்கு இதை இலவசமாகக் கொடுக்கும். சும்மா கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். ஆகவே அவர்களையே ஸ்டாலில் உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே கட்ட வைத்து, கட்டி முடிக்கும் வரை காதில் விளம்பரத்தை ஓத வேண்டும். கை வேலையாக இருக்கும் மனிதன் எழுந்து ஓட மாட்டான் என்பது மிஸ்டர் பென்னட்டின் தத்துவம். அவர் இதைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணிமாருக்கு இது அவருடைய தாத்தா காலத்திலேயே தெரியும்.

நான் இங்கே வந்த கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். பொல்பிட்டியப் பக்கம் மின்சார வேலைக்கு மலையை அளக்க வந்த ஒரு இன்ஜினியருக்கு, மரத்தூளும் பசையும் குழைத்து மலைகளின் மாதிரி செய்துகொடுத்தேன். மலை சரியாக வந்தது. கூடவே அவருடைய சட்டை, மேசை, தொப்பி எல்லாவற்றிலும் பசை வந்தது. இருந்தும் மனிதர் என்னை மிஸ்டர் பென்னட்டிடம் நல்லபடியாகச் சிபாரிசு செய்தார். பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட். நாற்பத்தெட்டில் வந்த சட்டம், தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த என்னைச் சிலோன்காரன் இல்லை என்றது. இந்தியாவையோ நான் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். இங்கே யாராவது ‘எந்த நாடு?’ என்று கேட்டால் தும்மல் வருவதுபோல் நடித்துவிடுகிறேன். இந்தக் குளிரில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு தேயிலைக் கம்பெனி எங்களிடம் வந்தது. ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் கட்டி முடிக்கக்கூடிய தேயிலைத் தோட்டம் ஒன்று வேண்டும் என்றது. மிஸ்டர் பென்னட் என் தோளில் தட்டி, ‘இது உன் ராஜ்ஜியம்’ என்றார். ராஜ்ஜியம்! நான் ஆண்ட அழகை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஆசையாகத்தான் செய்தேன். பச்சைச் செங்கல்லை வரிசையாகச் சரிவில் வைத்தேன், தேயிலை வந்துவிட்டது. மேட்டில் சிவப்புக் கூரையோடு துரை பங்களா. அதற்குக் கீழே, மாடி மாடியாகச் சன்னல் வைத்த தேயிலை ஸ்டோர். கொழுந்துக்குக் காற்று வேண்டும் அல்லவா, அதனால் எங்கள் ஊரில் கொழுந்து காய்கிற இடத்துக்குச் சன்னல் அதிகம். கடைசியில், எல்லாவற்றுக்கும் கீழே, ஒரே கூரையின்கீழ் நீளமாக லயம். குடும்பத்துக்கு ஒரே அறை, அதுதான் காம்பரா. காம்பராவுக்கு ஒரு கதவு. சன்னல் கிடையாது. எங்கள் லயம் அப்படித்தான் இருக்கிறது, அப்படியே செய்தேன்.

தேயிலைக் கம்பெனியிலிருந்து வந்தவர் மிஸ்டர் கோல். குனிந்து பார்த்து, ‘குதிரை லாயமா?’ என்று கேட்டார்.

‘தொழிலாளர் வீடுகள், ஸார்.’

‘அட, அழகாக இருக்கிறதே. சன்னல் துண்டுகள் வேண்டாமா? நல்லது. அவைதான் விலை கூடியவை.’

லயத்தை முதன்முதலில் கட்டியவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பல்லைக் காட்டுவதில் எனக்குப் பரம்பரைத் தேர்ச்சி உண்டு.

ஆனால் அன்றைக்குப் பட்டறையில் நான் நினைத்துக்கொண்டது என் அப்பாவை. எங்கள் காம்பராவில் அடுப்பு உள்ளேதான். ஈர விறகு, புகை போக வழியில்லை. அம்மா ஓயாமல் இருமுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அலவாங்குக் கடப்பாரையை எடுத்துப் பின்சுவரில் தாம்பாளம் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார். பிஸ்கட் டின்னை வெட்டி அதற்கு மூடியும் செய்தார். அன்று எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக வெயில் வந்தது. வெயில் வந்ததும் அம்மா செய்த முதல் காரியம் அப்பாவைத் திட்டியதுதான். ‘ஏங்க, செவுத்துல இம்புட்டு கரியா? இத்தன நாளா இதுக்குள்ளயா கெடந்தோம்? தெரியாம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்ல!’ திட்டிக்கொண்டே அந்த ஓட்டைக்கு நேராகப் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் பெரட்டு. எல்லாரும் வேலைக்கு வரிசையில் நிற்கிற நேரம். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அப்பாவைத் தனியாக முன்னால் கூப்பிட்டார்.

‘என்னடா கருப்பையா, தொரை செவுத்துல ஓட்ட போட்டியாமே?’

‘ஓட்ட இல்லீங்க ஐயா. சன்னலுங்க.’

‘சன்னலா? ஓன் பொஞ்சாதி சீமாட்டியா, வேடிக்க பாக்குறதுக்கு?’

‘மூச்சு வுடுறதுக்குங்க.’

‘மூச்சு வுடணும்னா மலைக்கு வந்து வுடச் சொல்லு. அங்கதான் காத்து சும்மா கெடக்கு.’

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாவம், சிரிக்காவிட்டால் அவர்களுக்கும் ஏதாவது விழும். அன்றைக்கு அப்பாவுக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. கல்லும் மண்ணும் சுமந்து, தான் திறந்த சன்னலைத் தன் கையாலேயே அடைத்தார். அடைக்காவிட்டால் பத்துச்சீட்டு, அதாவது தோட்டத்தை விட்டே வெளியே போக வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு புதுத் துரை வரும்போதெல்லாம் அப்பா கேட்டார். ஒவ்வொரு துரையும் யோசிப்பதாகச் சொன்னார். அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா அதே காம்பராவில் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறாள்.

இனிப் பொருட்காட்சிக்கு வருகிறேன். கட்டுகிறவர்களுக்கு உதவ என்னையும் ஸ்டாலில் நிறுத்தினார்கள். தலையில் முண்டாசு கட்டச் சொன்னார்கள். எனக்குக் கட்டத் தெரியாது என்றேன், நம்பவில்லை. கட்டினேன். அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவன் மாதிரி இருந்ததால் அவர்களே அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். கதவு திறந்து கொஞ்ச நேரத்தில், நீலத் தொப்பி வைத்த ஒரு அம்மாள் தான் கட்டிய லயத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

‘என் பெட்டியில் துண்டுகள் குறைகின்றன. இந்த நீளக் கட்டடத்துக்குச் சன்னல் இல்லை.’

‘சன்னல் இல்லை, அம்மணி.’

‘அதைத்தான் நானும் சொல்கிறேன்.’

‘இல்லை அம்மணி, அங்கேயே இல்லை.’

‘எங்கே இல்லை?’

‘சிலோனில்.’

‘அப்படியானால் வேறு நாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதுதானே!’

நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் பின்னால் இன்னும் பலர், கையில் ஆளுக்கொரு லயத்தோடு நின்றார்கள். இந்த நாட்டில் இருவர் நின்றால் வரிசை. வரிசை வந்துவிட்டால் நியாயம் அவர்கள் பக்கம். மனிதர் குடியிருக்கிற வீட்டுக்குச் சன்னல் இல்லாமல் இருக்க முடியாது, ஆகவே பெட்டியில்தான் பிழை என்பதில் அத்தனை பேரும் உறுதியாக இருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபமே வரவில்லை. அவர்கள் நினைத்தது சரிதானே!

கோபம் அதற்குப் பிறகு வந்தது. மிஸ்டர் கோல் முகம் சிவந்து டெலிபோனுக்கு ஓடினார். மாலைத் தேநீருக்கு முன்னால் ஒரு வான் வண்டி நிறையச் சன்னல் துண்டுகள் வந்து இறங்கின. விலை கூடியவை என்று அவரே சொன்ன அதே சன்னல்கள்! என் அப்பா ஆயுள் முழுக்கக் கேட்டும் கிடைக்காத சன்னல், பிளாஸ்டிக் லயத்துக்கு ஒரே பிற்பகலில் கிடைத்துவிட்டது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கேட்டவர்கள் தொப்பி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் விஷயம். இதில் வேடிக்கை, அத்தனை பேரிடமும் போய் ‘மறந்துவிட்டேன், மன்னியுங்கள்’ என்று நான் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். லயத்துக்குச் சன்னல் வைக்க மறந்த குற்றத்துக்கு இதுவரை மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள், தோழர்களே, நான்தான்.

அதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மறுநாள் காலை நான் போனபோது, நடுமேசையில் இருந்த பெரிய மாதிரி லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சன்னல் மின்னியது. முன்னால் ஒரு பலகை: ‘எங்கள் தொழிலாளரின் காற்றோட்டமான இல்லங்கள்.’ மிஸ்டர் கோல் நாலு கனவான்களை அழைத்து வந்து, என் முதுகில் கை வைத்து, ‘இவர் இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர்’ என்று அறிமுகம் செய்தார். அவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் தலையாட்டினால் போதும். அம்மாவின் இருமல் பொய்யாகிவிடும். அப்பா சுமந்த கல்லும் மண்ணும் பொய்யாகிவிடும். சாட்சி நான், சன்னலை வடிவமைத்ததும் எங்கள் பட்டறை.

நான் வீரன் அல்ல. ஆனாலும் தலையை ஆட்டாமல் மாதிரிக்குப் பக்கத்தில் போய், ஒவ்வொரு சன்னலாகப் பிடுங்கி, அந்த இடத்தில் வெறும் செங்கல் வைக்கத் தொடங்கினேன்.

‘என்ன செய்கிறாய்?’ என்றார் மிஸ்டர் கோல்.

‘தோட்டத்து உத்தரவு, ஸார். லயத்துக்குச் சன்னல் கூடாது. என் அப்பா வைத்ததை அடைக்க வைத்தார்கள்.’

‘இது ஒரு பொம்மை, மனிதா!’

‘பொம்மைக்குச் சன்னல் இருக்கட்டும் ஸார். பலகையை எடுத்துவிடுங்கள்.’

கனவான்களுக்கு அவசர வேலை வந்துவிட்டது. மிஸ்டர் கோல் தானே சன்னல்களைத் திரும்ப வைக்கப் பார்த்தார். அவர் விரலுக்கு அவை உட்காரவில்லை, கூரைதான் கழன்றது. மிஸ்டர் பென்னட் வந்தார். பலகையை வாசித்தார், என்னைப் பார்த்தார். ‘நீ பட்டறைக்குப் போய்விடு. திங்கட்கிழமை பேசுவோம்’ என்றார். அவர் கெட்டவர் இல்லை. பலகையை அவர் எடுக்கவும் இல்லை.

நான் கூரையை மட்டும் சரியாக மாட்டிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். நடந்தது எதுவும் தெரியாத ஒரு கிழவர், கையில் குடையோடு மேசைக்கு வந்தார். நான் தோட்டத்து ஆள் என்று முகத்திலேயே தெரிந்ததோ என்னவோ, ‘இதில் உன்னுடையது எது?’ என்று கேட்டார். நான் சன்னலைப் பிடுங்கி அடைத்திருந்த கடைசிக் காம்பராவைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து, அந்தச் சின்னக் கதவுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். எனக்கும் என்ன தோன்றியதோ, அவர் பக்கத்தில் குனிந்து நானும் பார்த்தேன். உள்ளே இருட்டு.

‘வீட்டில் யாரும் இல்லையே’ என்றார்.

‘எல்லாரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள், ஐயா’ என்றேன், அந்தக் கதவுக்குள் இனி நுழைய முடியாதபடி பெரிதாகிவிட்ட என் முகத்தை வெளியே வைத்துக்கொண்டு.